குறைகள் மூன்றுக்கு மிகாமல்

சுற்றறிக்கை எண் பதினான்கு இப்படித் தொடங்கியது: 'இக்கல்லூரியின் ஆசிரியர், அலுவலர், ஆய்வக உதவியாளர், தோட்டப் பணியாளர் அனைவரும் வருகிற வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சுயமாகச் சிந்தித்து, அதன் மூன்று படிகளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தாமதமாகச் சிந்திப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். மாதிரி இணைக்கப்பட்டுள்ளது.'

திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற சாலையில் இருக்கும் அறிவுவேந்தன் கலை அறிவியல் கல்லூரியில் இதைப் படித்து யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வரும், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். இது 2002-ஆம் வருடம்.

கல்லூரியின் தாளாளருக்குப் புகையிலை மண்டி வைத்திருந்த காலத்தில் வீரன் என்று பெயர். மண்டியில் காசு சேர்ந்தது, கல்லூரி கட்டினார். கல்லூரி கட்டியதும் அறிவு வந்துவிட்டது. வந்த அறிவை வெளியே காட்டப் பழைய பெயர் போதாது என்று அறிவுவேந்தன் ஆனார். தம் கல்லூரியில் மூடப்பழக்கம் எதுவும் இருக்கக் கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பு. காலையில் பிரார்த்தனை கிடையாது. அதற்குப் பதிலாக ஒன்பது இருபதுக்கு மணி அடிக்கும். எல்லோரும் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஏன்? ஏன்? ஏன்?" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். எந்தத் திசையும் உயர்ந்தது இல்லை என்பதால் தினம் ஒரு திசை பார்த்து நிற்பார்கள். நாளைக்கு எந்தத் திசை என்பதை முந்தின நாள் சாயங்காலமே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள். முதலாண்டு வணிகவியல் மாணவன் ஒருவன் ஏதோ நினைப்பில் நாலாவது முறையும் 'ஏன்?' என்று சொல்லிவிட்டான். அப்பா அம்மாவைக் கூட்டி வந்து மன்னிப்புக் கடிதம் கொடுத்த பிறகுதான் வகுப்பில் சேர்த்தார்கள்.

இப்படிப்பட்ட தாளாளர் எழுதிய தத்துவ நாவல்தான் 'ஏன் என்றான் இளங்கதிர்'. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் தாளாளர் தாடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். வானத்தில் நியாயப்படி ஒரு பறவையாவது இருந்திருக்க வேண்டும், இல்லை. கதை எளிமையானது. இளங்கதிர் என்ற வாலிபன் எதையும் ஆதாரம் இல்லாமல் நம்ப மாட்டான். சூரியன் உதித்தால் ஏன் என்பான். பால்காரர் பால் ஊற்றினால் இது பால்தானா என்பான். ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க, நாற்பத்தோரு பக்கத்துக்கு, பூட்டிய கதவு ஒன்றின் முன்னால் நின்று, 'இது பூட்டப்பட்டிருக்கிறதா, அல்லது பூட்டப்பட்டிருப்பதாக நான் நம்புகிறேனா?' என்று யோசிக்கிறான்.

சுற்றறிக்கை கேட்ட சுயசிந்தனை என்பது இந்த நாவலுக்கு வாசகர் எதிர்வினை. நேரிலும் கூப்பிட்டுக் கேட்பார்கள். தற்காலிக ஊழியர்களில் எதிர்வினை சிறப்பாக இருக்கிற மூன்று பேருக்குப் பணி நிரந்தரம். மற்ற தற்காலிகங்கள் ஜூன் மாதத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

ஆனந்தமேரி நூலக உதவியாளர். எட்டு வருடமாகத் தற்காலிகம். பதினோரு மாதம் வேலை, பன்னிரண்டாவது மாதம் 'நானாக விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டும், அப்புறம் புதிதாகச் சேர்ந்த மாதிரி சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கல்லூரியில் எட்டு முறை புதிதாகச் சேர்ந்த ஒரே ஆள் அவள். இந்தத் தடவை விலகினால் திரும்ப முடியாது. நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வருகிறதாம். அவள் அப்பா சிலுவைமுத்து அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் இப்போது வியாழக்கிழமைச் சந்தைக்கு மட்டும் போகிறார். அம்மா நாலு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்துபோனாள். வீட்டு அடுப்பு எரிவது மேரியின் சம்பளத்தில்.

முதல் சுற்றில் நூற்றுப் பதினெட்டு எதிர்வினைகள் வந்தன. வேதியியல் துறைத் தலைவர், நாவலைப் படித்ததிலிருந்து தமக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை என்று எழுதியிருந்தார். உடற்கல்வி ஆசிரியர், இந்தப் புத்தகத்தைத் தினமும் பத்து முறை தூக்கி இறக்கினால் தோள் உறுதிப்படுவதாக எழுதினார். எதிர்வினைகளிலேயே உண்மையானது அதுதான். தோட்டக்காரர் வீட்டு ரோஜாகூட நாவலைப் பக்கத்தில் வைத்தபின் பூத்ததாம். அவர் கைநாட்டு.

தாளாளருக்குக் கோபம் வந்துவிட்டது. எண்பத்தெட்டாம் பக்கத்தில், 'குறை சொல்லாதவன் வாசகனே அல்லன்' என்று இளங்கதிர் சொல்கிறான். அதை யாரும் படிக்கவில்லையா? நூற்றுப் பதினெட்டையும் திருப்பி அனுப்பினார். சுற்றறிக்கை எண் பதினைந்து: 'அனைவரும் குறை காண வேண்டும்.'

கல்லூரிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. தாளாளரின் புத்தகத்தில் குறை காணாவிட்டால் வேலை போகும், கண்டாலும் போகும். பொருளாதாரத் துறையில் ஒருவர் ஒரு வாரம் யோசித்து, 'விலை மிகக் குறைவு' என்று எழுதினார். அதைக் கேட்டு எல்லோரும் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். முதல்வர் டாக்டர் பாக்கியராஜ் உடனே ஒரு குறை நிர்ணயக் குழு அமைத்தார். குழு மூன்று நாள் கூடி, சமோசா சாப்பிட்டு, சுற்றறிக்கை எண் பதினாறை வெளியிட்டது: 'குறைகள் மூன்றுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒன்று, அச்சுப்பிழை. இரண்டு, நாவல் இன்னும் நீளமாக இருந்திருக்கலாம். மூன்று, முன்பே வந்திருக்கலாம்.' அச்சுப்பிழையும் தேடிச் சிரமப்பட வேண்டாமென்று குழுவே ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. பக்கம் இருநூற்றேழு, ஒரு கமா அதிகம். மறுநாள் நூற்றுப் பதினெட்டுப் பேரும் தனித்தனியாகச் சிந்தித்து அந்தக் கமாவைக் கண்டுபிடித்தார்கள்.

மேரியும் அந்தக் கமாவோடு நின்றிருப்பாள். ஆனால் அவள் வேலை அப்படி. புத்தகம் வந்தால் அதற்கு ஓர் எண் போட்டு அலமாரியில் வைக்க வேண்டும். நாவல் என்றால் ஓர் அலமாரி, தத்துவம் என்றால் வேறொன்று. இது எது என்று முதல்வரைக் கேட்டாள். "படிச்சுப் பாத்து நீயே போட்டுக்கம்மா" என்றார். அந்தக் கல்லூரியில் புத்தகத்தைப் படிக்கும்படி யாருக்கும் கிடைத்த ஒரே உத்தரவு அது. அவள் அதை நம்பி, ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை படித்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சிலுவைமுத்து சந்தையிலிருந்து வந்து, காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மேரி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தா, மொகம் இப்பிடி இருக்கு? அப்பிடி என்னதான் எழுதியிருக்கான் அந்தப் பொஸ்தகத்துல?"

அவள் பூட்டிய கதவைப் பற்றிச் சொன்னாள்.

"இழுத்துப் பாக்க வேண்டியதுதான?" என்றார் சிலுவைமுத்து. "நம்மூர்ல பூட்டு வாங்குறவன் அதப் பிடிச்சுத் தொங்கியில்ல பாக்குறான். நாப்பது பக்கமா நின்னான்? காலு வலிக்காதா?"

"அதில்லப்பா. நாப்பத்தெட்டாம் பக்கத்துல அவன் அம்மா செத்துப் போறாங்க. ரொம்ப நல்லா எழுதியிருக்கு. படிச்சு அழுதுட்டேன். நம்ம அம்மா நெனப்பு வந்துருச்சு. அப்புறம் நானூத்திப் பத்தாம் பக்கத்துல அதே அம்மா அவனுக்குச் சோறு போடுறாங்க."

சிலுவைமுத்து தைலம் தேய்ப்பதை நிறுத்தினார். "செத்தவளா?"

"ஆமாப்பா. இதச் சொல்லலாமா வேணாமா? மூணு குறைக்கு மேல சொல்லக் கூடாது, அதும் அவங்க குடுத்ததத்தான் சொல்லணும். மீறிச் சொன்னா வேலை போயிரும்."

"ஏத்தா, சந்தைல ஆடு பாக்க வாரவன்ல ரெண்டு வக. ஒருத்தன், 'அடடா, நல்ல ஆடு'ன்னு தடவிக் குடுத்துட்டுப் போயிருவான். அவன் வாங்க மாட்டான். இன்னொருத்தன் வாயப் பொளந்து பல்லப் பாப்பான், குளம்பத் தூக்குவான், காது கிழிஞ்சிருக்கும்பான், வயிறு ஊதியிருக்கும்பான். அவன்தான் வாங்குறவன். குறை சொல்றவன் மேல எந்த ஏவாரியும் கோவப்பட மாட்டான்."

"இது காலேஜுப்பா."

"அப்ப எனக்குத் தெரியாது" என்று சொல்லி மற்ற முழங்காலுக்குத் தைலம் எடுத்தார்.

நேர்காணல் நாளன்று, முழங்காலுக்கு மருந்து வாங்க வேண்டுமென்று அவரும் கூடவே பஸ் ஏறினார். மேரி உள்ளே போனாள். அவர் தாளாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அவர் அதை இழுத்துச் சாத்தவும் இல்லை.

உள்ளே மூன்று பேர். நடுவில் தாளாளர், வலப்பக்கம் முதல்வர் பாக்கியராஜ், இடப்பக்கம் தமிழ்த்துறைத் தலைவர் பேராசிரியர் சனாவுல்லா.

"அம்மா, பயப்படாதீங்க" என்றார் தாளாளர். "இங்க கருத்துச் சுதந்திரம் இருக்கு. மத்தியானம் ஒண்ணரை வரைக்கும். குறைகளைச் சொல்லுங்க."

"பக்கம் இருநூத்தி ஏழு. ஒரு கமா அதிகம்."

மூன்று பேரும் டிக் போட்டார்கள். சனாவுல்லா கொட்டாவி விட்டார்.

"ரெண்டாவது?"

நாவல் இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் படித்த வாயில் அது வரவில்லை.

"ஐயா, நாப்பத்தெட்டாம் பக்கத்துல இளங்கதிரோட அம்மா எறந்துட்டாங்க."

"ஆகா" என்றார் முதல்வர். கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். "என்ன மரணம்!"

"நானூத்திப் பத்தாம் பக்கத்துல அவங்க இளங்கதிருக்குச் சோறு போட்டு, வெஞ்சனம் என்ன வேணும்னு கேக்குறாங்க."

முதல்வர் கைக்குட்டையை எடுக்காமலே, "அது நினைவாக இருக்கும்மா" என்றார்.

"கருவாடு வறுத்து வைக்கிறாங்க சார்."

"கனவு."

"அவரு ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிடுறாரு. வயித்தால போகுது. அடுத்த அத்தியாயம் முழுக்க ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏத்துறாங்க." மேரி நோட்டில் ஒரு விரலை வைத்தாள். "எல்லாத்தையும் ஏன்னு கேக்குற பையன் சார். பால்காரரைக் கேக்குறான், சூரியனைக் கேக்குறான். செத்துப்போன அம்மா எதுக்க வந்து நிக்கிறாங்க, ஒரு வார்த்த கேக்கல. கருவாட்டுல உப்புக் கம்மின்னு மட்டும் சொல்றான்."

தாளாளர் முதல்வர் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, அவ செத்தாளா, இல்லையா?"

நாவலாசிரியர் இப்படிக் கேட்டது அறையில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை, மேரியைத் தவிர.

"ஐயா, நான் நாலாம் அலகு மட்டும்தான்" என்றார் முதல்வர். "முன்னூத்தி எழுபதுல இருந்து நானூத்தி எண்பது வரைக்கும். என் அலகுல அவங்க நல்ல ஆரோக்கியமா இருக்காங்க."

"முதல் அலகு என்னுது" என்றார் சனாவுல்லா. அவருக்குத் தூக்கம் போய்விட்டது. "நான் சரியாத்தான் கொன்னேன். டாக்டர் வந்து பாத்துட்டு உதட்டப் பிதுக்குறாரு. பாடை கட்டுறாங்க. அதுக்கு மேல ஒரு எழுத்தாளன் என்ன செய்ய முடியும்?"

விஷயம் வேறொன்றுமில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தை ஐந்து அலகாகப் பிரிப்பார்கள். தாளாளர் நாவலையும் அப்படித்தான் பிரித்தார். ஐந்து அலகு, ஐந்து பேர், ஒரு செமஸ்டர். ஓர் அலகை எடுக்கிறவர் மற்ற அலகைப் பார்ப்பது அந்தக் கல்லூரியில் வழக்கம் இல்லை. கதாநாயகன் பெயர் ஐந்திலும் ஒன்றாக இருந்ததே முதல்வரின் தனிப்பட்ட முயற்சி.

தாளாளர் எழுந்து நின்றார். மேடை இல்லாவிட்டாலும் அவருக்குப் பேச வரும்.

"பாருங்கம்மா, ஒரு கட்டடம் கட்டுறோம். செங்கல்லை யாரோ எடுத்துக் குடுப்பான், யாரோ பூசுவான். பேரு யாருது? கட்டுனவருது. அதுபோல இந்த நாவல்ல சிந்தனை என்னுது. 'ஏன்' என்ற சொல் என்னுது. அதுக்கு நடுவுல வர்ற வார்த்தைகள் மட்டும் துறைகளோடது. பகுத்தறிவுன்னா என்ன? பகுத்துக் குடுக்குறது. நான் குடுத்தேன். படிச்சுப் பாக்குறதுக்கு எனக்கு ஏது நேரம்? சிந்திக்கிறவனால படிக்க முடியாது."

"ரொம்பச் சரிங்க ஐயா" என்றார் முதல்வர், குறிப்பெடுத்துக்கொண்டே.

தாளாளர் உட்கார்ந்தார். திங்கட்கிழமை பாடத்திட்டக் குழு வருகிறது. இளங்கலைத் தமிழுக்கு இந்த நாவலைப் பாடமாக வைக்க அவர் ஒன்றரை வருடமாக அலைகிறார்.

"இன்னும் எத்தனை குறை வச்சிருக்கீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

மேரி நோட்டைப் பார்த்தாள். "இருபத்தாறு ஐயா. கமா போக."

முதல்வருக்குப் புரையேறியது.

"மூணுக்கு மிகாமல்னு சுற்றறிக்கை இருக்குல்ல?" என்றார் தாளாளர். "இது ஒழுங்கீனம். சிந்தனைக்கும் ஒரு காம்பவுண்டுச் சுவர் வேணும். ஒரு தற்காலிக ஊழியருக்கு இம்புட்டுச் சிந்தனை அனுமதிக்கப்படல. பாக்கியராஜ், இந்தம்மாகிட்ட விலகல் கடிதம் இன்னைக்கே வாங்கிருங்க. ஜூன் வரைக்கும் காத்திருக்க வேணாம்."

விலகல் கடிதம் எழுதுவது மேரிக்குப் பழக்கம். எட்டு முறை எழுதியிருக்கிறாள், வாசகம் மனப்பாடம். கை மட்டும் பேனாவைத் தேடவில்லை.

கதவு திறந்தது. சிலுவைமுத்து ஒரு முழங்காலைத் தாங்கி, மறு முழங்காலை இழுத்து உள்ளே வந்தார்.

"செத்த நேரங்கய்யா" என்றார். பிறகு தாளாளரை உற்றுப் பார்த்து, "மண்டி வீரன் மொதலாளிதான? கொட்டாவி விட்டா தங்கப் பல்லு தெரியுமே. நாந்தாங்க, அய்யலூர் சிலுவமுத்து. உங்க அய்யாவுக்குக் கெடா பிடிச்சுக் குடுத்திருக்கேன்."

"இது நேர்காணல். வெளியாள் உள்ள வரக் கூடாது" என்றார் முதல்வர்.

"நான் வெளியாள் இல்லப்பு, தரகன். தரகன் இல்லாமப் பேசுனா எந்தப் பேச்சும் இப்பிடித்தான் வெட்டிக்கும்." சிலுவைமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். ஆட்டு வாடை அறை முழுக்கப் பரவியது. "மொதலாளி, கையக் குடுங்க."

தாளாளர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, இருபது வருடமாகப் பகுத்தறிவு பேசிய அந்த மனிதர், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, துண்டுக்கு அடியில் கையை நீட்டினார்.

சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். துண்டுக்குள் கை, கைக்குள் விரல். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை. வெளியே வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

"இந்த வருசம் மழ எப்பிடிங்க?" என்றார் சிலுவைமுத்து, துண்டுக்குள் ஐந்து விரலையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கி.

"மழை என்பது ஓர் இயற்கை நிகழ்வு" என்றார் தாளாளர். துண்டுக்குள் ஒரே ஒரு விரலை நீட்டினார். ஒரு வருட வேலை.

"அதெல்லாம் கட்டாதுங்க. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு சொட்டு இல்ல." மறுபடி ஐந்து. மறுபடி ஐந்து. பத்து வருடம்.

"அறிவியல்பூர்வமாகப் பார்த்தால் மேகம்..." இரண்டு விரல்.

"மேகம் வருது, போகுது. பேஞ்சாத்தான?" சிலுவைமுத்து கையை உதறி எடுப்பது போலப் பாவனை செய்தார். தாளாளரின் கை துண்டுக்குள் அதைத் துரத்திப் பிடித்தது. மூன்று. சிலுவைமுத்து மகளின் நோட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வெளியே நடமாடிய மாணவர்களைப் பார்த்தார். நாலு. துண்டு ஏதோ உயிருள்ள பிராணி மாதிரி நெளிந்தது. முதல்வரும் சனாவுல்லாவும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லூரியில் ஒளிவுமறைவில்லாமல் நடந்த முதல் உரையாடல் அது, துண்டுக்குள் நடந்தாலும்.

ஐந்தில் தாளாளர் நின்றுவிட்டார். சிலுவைமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"மொதலாளி, எம்மகளுக்கு வேண்டியது நிரந்தரம். அதுக்கு வெரல்ல கணக்கு இல்ல. பத்து வெரலையும் நீட்டுனாலும் அது பத்துதான். நீங்க வாயத் தொறந்துதான் சொல்லணும்."

தாளாளர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மண்டிக்காரரின் மூளை வேலை செய்தது. அது முகத்தில் தெரிந்தது, தங்கப்பல் வரைக்கும்.

"சரி, இப்படி வச்சுக்குவோம். புத்தகத்துல இருக்கிற பிழை எல்லாத்தையும் இந்தம்மாவே திருத்தட்டும். திருத்தச் சீட்டு அச்சடிச்சுக் குடுக்குறோம், ரெண்டாயிரம் பிரதியிலயும் ஒட்டணும். பிழைகள் முழுவதும் தீர்ந்தன என்று இவங்களே கையெழுத்துப் போடுற நாள் வரைக்கும் வேலை. வெளியில யார்கிட்டயும் பேசக் கூடாது. சம்பளம் நிரந்தர ஊழியருக்கு உள்ளது. பன்னிரண்டு மாசமும்."

இருபத்தாறு பிழை. இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். தாளாளர் முகத்தில் நல்ல கொள்முதல் செய்த திருப்தி.

சிலுவைமுத்து மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நோட்டைப் புரட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். நானூற்றுப் பத்தாம் பக்கத்தைத் திருத்தினால் நானூற்றைம்பத்தைந்து என்ன ஆகும் என்று யோசித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"முடிஞ்சுது மொதலாளி" என்றார் சிலுவைமுத்து. "எழுதிக் குடுங்க."

மறுநாள் திருத்தக் குழு கூடியது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அம்மா உயிரோடு இருக்கலாமா, கூடாதா? சனாவுல்லா உயிர்ப்பிக்கச் சம்மதிக்கவில்லை. தமது எழுத்து வாழ்க்கையின் ஒரே மரணம் அது என்றார். முதல்வர் கருவாட்டை விடச் சம்மதிக்கவில்லை. 'கருவாட்டின் குறியீட்டு நிலையை விளக்குக' என்று பத்து மதிப்பெண் கேள்வி வினாவங்கியில் ஏறிவிட்டதாம். வாக்கெடுப்பு நடந்தது. அம்மாவுக்கு ஏழு ஓட்டு, மரணத்துக்கு ஏழு ஓட்டு. கடைசியில் தாளாளர் தீர்ப்புச் சொன்னார். சீட்டு அச்சானது: 'பக்கம் 410 முதல் 416 வரை அம்மா என வருமிடமெல்லாம் சித்தி எனப் படிக்கவும்.'

திங்கட்கிழமை பாடத்திட்டக் குழுவினர் வந்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள், தலப்பாகட்டிப் பிரியாணி சாப்பிட்டார்கள், கையில் எடுத்துப் பார்த்த ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்டு, ஆசிரியரின் சுயவிமர்சன மனப்பான்மை போற்றத்தக்கது என்று குறிப்பெழுதி நாவலைப் பாடமாக்கிவிட்டுப் போனார்கள். தாளாளர் மகிழ்ச்சியில் மறுநாள் காலை 'ஏன்' சொல்வதற்கு விடுமுறை அளித்தார்.

திங்கட்கிழமை மாலையே மேரிக்கு உத்தரவு வந்தது. அவள் அதைப் படித்த விதமும் புத்தகம் படித்த விதம்தான், முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை. 'மேற்படி நூலின் பிழைகள் அனைத்தும் தீர்ந்தன என நூலக உதவியாளர் எழுத்துமூலம் சான்றளிக்கும் நாள் வரை' என்ற வாசகமும் சரியாக இருந்தது. மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, சிலுவைமுத்து சந்தையிலிருந்து வந்தபோது அவள் அடுப்படியில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்னத்தா, எத்தன பிழ தீந்துச்சு?"

"ஒண்ணுப்பா. அம்மாவச் சித்தியாக்கி ரெண்டாயிரம் புத்தகத்துலயும் ஒட்டியாச்சு."

"மிச்சம் இருவத்தஞ்சா?"

"இல்லப்பா." கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "சித்தி ஆனதும் நானூத்தி அம்பத்தஞ்சுல கதை மாறுது. அங்க அவனோட அப்பா, 'முப்பது வருசம் உன்கூட வாழ்ந்துட்டேன்'னு அவங்ககிட்டச் சொல்றாரு. அம்மா செத்து ரெண்டு வருசம்தான் ஆகுது. அப்ப அந்த மனுசன் இருபத்தெட்டு வருசமா என்ன பண்ணிட்டிருந்தாரு? அதுக்கு ஒரு சீட்டுப் போடணும். அதப் போட்டா, ஐநூத்தி மூணுல சித்திக்கு அறுபதாம் கல்யாணம் வருது, அது நிக்காது. அதத் திருத்துனா இளங்கதிரு வயசு மாறுது. வயசு மாறுனா அவன் ஒண்ணாம் அலகுல பொறக்கவே இல்ல. இந்த ஒரு சீட்டுல மட்டும் புதுசா பதினாலு பிழ வந்திருக்கு. மத்ததுல நான் இன்னும் கையே வைக்கல."

சிலுவைமுத்து அவள் கொண்டு வந்து வைத்திருந்த பிரதியை எடுத்தார். இரு கையிலும் ஏந்தி எடை பார்த்தார். அட்டையைத் தட்டினார். முதுகுப் பக்கத்தை விரலால் அழுத்தித் தடவிப் பார்த்தார்.

"நல்ல பொஸ்தகந்தான் ஆத்தா" என்றார்.